தட்டம்மையும் மூளை அழற்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

பினாங்குத் தீவு என்றதும் பலர் நெஞ்சில் முதலில் தோன்றுவது அதன் கிழக்குக் கரையே. ஜார்ஜ் டவுன் நகரமும் துறைமுகமும் அப்பக்கத்தில்தான் உள்ளன. தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொடரைக் கடந்து மேற்கே இறங்கினால் வருவது பாலிக் புலாவ். மலாய் மொழியில் தீவின் மறுபுறம் என்பது இப்பெயரின் பொருள். டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் இவ்வூருக்கு நகரிலிருந்து செல்லும் பாதை, மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து செல்வது. இன்று இங்கு அரசு மருத்துவமனை உண்டு. வண்டி வசதியும் உண்டு. இவை யாதும் இல்லாத காலத்தில், அம்மை இறங்கிவிட்டது என்று மகிழ்ந்திருந்த வீட்டில் நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெற்றோர் என்ன செய்திருப்பர்? மலையைத் தாண்டி நகருக்கு ஓடுவதா, அன்னையின் சினம் என்று அஞ்சி வேப்பிலையை அள்ளுவதா? இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம்.

தட்டம்மை ஒரு சிறு நோய் என்பது நம் மக்களிடையே இன்றும் வேரூன்றி நிற்கும் எண்ணம். வந்து போகும், வந்தால்தான் நல்லது என்று கூறுவாரும் உளர். ஆனால் அந்நோய் குழந்தையின் மூளையைத் தாக்கும் ஆற்றல் உடையது என்பதை மனித இனம் அறிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றைத் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று. ஏன் ஆசிரியர் அறிய வேண்டும் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

அம்மை என்னும் ஒரு சொல்

தமிழில் அம்மை என்பது தாயையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். உடலில் கொப்புளமோ தடிப்போ காய்ச்சலோடு தோன்றினால், அதை நோயென்று சொல்லவும் நம் முன்னோர் அஞ்சினர். "அம்மா வந்திருக்கிறாள்" என்று பணிவோடு கூறினர். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி என வகை பிரித்து வழங்கும் பெயர்கள் மக்கள் வழக்கில் இருந்தபோதிலும், வழிபாட்டிலும் பத்தியத்திலும் அவை அனைத்தும் மாரியம்மனின் வருகையாகவே கருதப்பட்டன. கடல் கடந்து வந்த தமிழர் மாரியம்மனையும் உடன் கொண்டு வந்தனர். ஜார்ஜ் டவுன் குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டு முதல் விளங்கும் மகாமாரியம்மன் ஆலயம் இதற்குச் சான்று.

இவ்வழக்கத்தில் நன்மை இல்லாமல் இல்லை. வாயிலில் வேப்பிலை செருகினால், அவ்வீட்டுக்குள் அயலார் நுழையார். நோயுற்ற குழந்தை தனியே கிடத்தப்படும், வீடு தூய்மையாக வைக்கப்படும், உணவு எளிமையாக்கப்படும். தொற்றைத் தடுக்கும் தனிமைப்படுத்தல் என்று இன்றைய மருத்துவம் கூறுவதன் ஒரு வடிவம் இது. ஆனால் தீங்கும் அதனுள்ளேயே இருந்தது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுத்தல் அன்னையை அவமதிப்பதாகும் என்ற நம்பிக்கை, மருத்துவரின் கதவைத் தட்டவிடாமல் பல பெற்றோரைத் தடுத்தது. மேலும், எல்லா அம்மையும் ஒன்றே என்ற எண்ணம், எந்த அம்மை எதைச் செய்யும் என்று கூர்ந்து நோக்கும் பழக்கத்தை மழுங்கச் செய்தது. நோயின் பெயரைப் பிரித்தறிவதே மருத்துவத்தின் முதற்படி எனலாம்.

அம்முதற்படியைத் தெளிவாக எடுத்து வைத்தவர் பாரசீக நாட்டு மருத்துவ அறிஞர் அல் ராசி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்து அவர் எழுதிய நூல், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மக்கள் பெரிதும் அஞ்சிய பெரியம்மையைக் காட்டிலும் தட்டம்மை சில வகையில் அச்சம் தருவது என்று அவர் கருதினார். அவ்வெச்சரிக்கையை உலகம் பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது.

தீவுகள் கற்பித்த பாடம்

தட்டம்மையின் இயல்பை உலகுக்குக் காட்டியவை தீவுகளே. வட அட்லாண்டிக் கடலில் உள்ள பேரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அதன்பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் கப்பலில் வந்த ஒருவர் வழியாக மீண்டும் நுழைந்தபோது, அங்கிருந்த 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராய்வதற்கு டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும். ஊர் ஊராகச் சென்று, யார் யாரைச் சந்தித்தார், எந்நாளில் தடிப்புத் தோன்றியது என்று அவர் கணக்கெடுத்தார். தொற்றிய நாளிலிருந்து ஏறத்தாழ 14 நாளில் தடிப்புத் தோன்றும் என்பதையும், 1781-இல் நோயுற்றுப் பிழைத்த முதியோரை அந்நோய் மறுபடி தீண்டவில்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். ஒருமுறை கண்டால் வாழ்நாள் முழுதும் காப்பு உண்டு என்னும் உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. பிற்காலத்தில் தடுப்பூசி என்னும் எண்ணத்துக்கு இவ்வுண்மை வலுவூட்டியது.

மற்றொரு தீவின் கதை தமிழர் நெஞ்சைத் தொடுவது. 1874-இல் பிஜித் தீவுகள் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தன. அத்தீவின் மன்னர் தக்கொம்பாவ் தம் மக்களோடு சிட்னி நகருக்குச் சென்று, 1875 சனவரியில் டைடோ என்னும் போர்க்கப்பலில் திரும்பினார். அக்கப்பலில் தட்டம்மையும் வந்தது. மன்னரை வரவேற்கக் கூடிய தலைவர்கள் தத்தம் ஊருக்கு நோயையும் எடுத்துச் சென்றனர். சில மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர், அதாவது மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நோயை அதற்கு முன் அறியாத மக்கள் ஆதலின் குழந்தைகளோடு பெரியோரும் ஒருசேர வீழ்ந்தனர். உணவு சமைக்கவும் நீர் கொடுக்கவும் ஆளில்லாமற் போயிற்று.

நலிந்து குறைந்த அம்மண்ணின் மக்களைக் கரும்புத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று ஆங்கிலேய ஆளுநர் முடிவு செய்தார். அதன் விளைவாக 1879 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டு வரப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. பாரதியார் எண்ணி எண்ணிக் கண்ணீர் சிந்திய அந்தக் கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் அவலத்துக்குப் பின்னால், ஒரு தட்டம்மைப் பேரழிவும் ஒரு காரணமாக நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர்க்குப் பினாங்கே வாயில். நோய்த்தடுப்புக் கருதி அவர்கள் ஜெரெஜாக் தீவில் தங்க வைக்கப்பட்டனர். அங்கிருந்து தோட்டங்களுக்குச் சென்றனர். தோட்டத்து வாழ்க்கை தட்டம்மைக்கு ஏற்ற களம். நெருக்கமான லயத்து வீடுகள். பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை. ஒரு குழந்தைக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகினால், அடுத்த இரு வாரத்தில் கொட்டகையே காய்ச்சலில் கிடக்கும். ஏனெனில் தட்டம்மை காற்றில் பரவுவது. காப்பற்றவர் பத்துப் பேர் நோயாளியின் அருகிலிருந்தால் ஒன்பது பேரைப் பற்றக் கூடியது. தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை வாயிலுக்கு வருமுன் நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

மூளையைத் தீண்டும் நோய்

தட்டம்மை நரம்பு மண்டலத்தையும் தாக்கும் என்பதை எழுதி வைத்த முதல்வருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லூகாஸ். தடிப்பு மறையும் நேரத்தில் ஓர் இளம்பெண்ணின் கால்கள் வலுவிழந்ததை அவர் 1790-இல் பதிவு செய்தார். அதன்பின் இத்தகைய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று நாம் அறிவது இது: தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி உண்டாகிறது. அவ்வாறு உண்டானவரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறக்கின்றனர். பிழைத்தவரிலும் பலருக்குச் செவிட்டுத்தன்மை, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறை முதலிய ஊனங்கள் நிலைத்துவிடுகின்றன.

இவ்வழற்சி வரும் காலமே கொடியது. தடிப்பு மங்கி, காய்ச்சல் தணிந்து, குழந்தை எழுந்து உட்காரும் நாட்களில் அது வருகிறது. மீண்டும் காய்ச்சல் ஏறும், தலைவலியும் வாந்தியும் தோன்றும், கழுத்து விறைக்கும், குழந்தை காரணமின்றி உறங்கிக்கொண்டே இருக்கும், பின்னர் வலிப்பும் நினைவிழப்பும். நம் வீடுகளில் அம்மை இறங்கியது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளும் இதுவே. நீராட்டிய மறுநாள் குழந்தை துடித்தால், தெய்வக் குற்றம் நேர்ந்துவிட்டது என்று எண்ணியோர் பலர். பத்தியம் காத்ததில் பிழை செய்தாள் என்று தாயைப் பழித்தோரும் உண்டு. குழந்தையை இழந்த துயரத்தோடு அப்பழியையும் சுமந்த தாய்மார் எத்தனை பேரோ! நோயின் உண்மையை அறிவது அத்தாய்மாரைக் குற்றத்தினின்று விடுவிப்பதும் ஆகும்.

கல்வியும் செல்வமும் உள்ள வீட்டையும் இந்நோய் விட்டு வைக்கவில்லை. சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டால் தம் ஏழு வயது மகள் ஒலிவியாவை 1962-இல் இவ்வாறே இழந்தார். தட்டம்மையிலிருந்து தேறிவருகிறாள் என்று எண்ணிப் படுக்கையில் அவளோடு விளையாடிக் கொண்டிருந்தபோது, அவள் விரல்கள் மனம் சொன்னபடி இயங்காமையை அவர் கண்டார். அன்றே அவள் நினைவிழந்தாள்; பன்னிரண்டு மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது இங்கிலாந்தில் தடுப்பூசி வழக்கத்துக்கு வரவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, தடுப்பூசி கிடைக்கும் காலத்திலும் பிள்ளைகளுக்கு அதைப் போடாத பெற்றோரை நோக்கி அவர் ஒரு வேண்டுகோள் எழுதினார். மகளை மீட்க இயலாத தந்தை, பிறர் மக்களையேனும் காக்க எண்ணினார்.

இம்மூளை அழற்சி ஏன் உண்டாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. இறந்தவர் மூளையில் கிருமியைத் தேடியவர்க்கு அது பெரும்பாலும் அகப்படவில்லை. பெரு நாட்டில் தட்டம்மை நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 1984-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒளி காட்டிற்று. நோயை எதிர்க்கக் கிளம்பும் உடலின் காவற்படையே நெறி தவறி, நரம்பு இழைகளைப் போர்த்தியுள்ள உறையைத் தாக்குகிறது என்பது அதன் முடிபு. பகைவனை விரட்டப் புறப்பட்ட படை தன் கோட்டைச் சுவரையே இடித்த கதை இது.

வகுப்பறையில் தெரியும் முதல் அறிகுறி

இனி ஆசிரியர் கருத்திற்கு வருவோம். தட்டம்மையால் வரும் மூளை நோய்களுள் ஒன்று மிக மெதுவானது. மருத்துவர் அதனை எஸ்.எஸ்.பி.இ. என்று சுருங்கக் கூறுவர். கைக்குழந்தைப் பருவத்தில் தட்டம்மை கண்டு முற்றும் தேறிய பிள்ளைக்கு, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அது தோன்றும். இத்தனை ஆண்டுகளும் மாறுபட்ட கிருமி மூளையில் ஒளிந்திருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் தட்டம்மை கண்டவர்க்கே இவ்விடர் மிகுதி.

இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் பள்ளியிலேதான் தெரியும். நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்கும். மணிமணியாக இருந்த கையெழுத்துக் கோணலாகும். நேற்று ஒப்பித்த பாடம் இன்று நினைவில் நில்லாது. அமைதியான பிள்ளை சினம் கொள்ளும். அல்லது யாரோடும் பேசாது ஒதுங்கும். பிறகு கையோ உடலோ திடீர் திடீரென வெட்டி இழுக்கும், நடக்கையில் விழும். ஓரிரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோர் இறப்பர். இதனை முற்றும் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

இந்நோய்க்கும் தட்டம்மைக்கும் உள்ள உறவை அறிய ஒரு தலைமுறை பிடித்தது. அமெரிக்காவில் டாசன் என்னும் மருத்துவர் 1933-இல் இத்தகைய நோயாளி ஒருவரின் மூளை அணுக்களுள் விந்தையான துகள் திரள்களைக் கண்டு, இது கிருமியின் வேலையாகலாம் என்று ஐயுற்றார். பெல்ஜிய நாட்டு வான் போகார்ட் 1945-இல் இந்நோயை வேறொரு பெயரால் விளக்கினார். 1965-இல் மின்னணு நுண்ணோக்கி வழியே தட்டம்மைக் கிருமியை ஒத்த வடிவங்கள் காணப்பட்டன. 1969-இல் நோயாளியின் மூளையிலிருந்தே அக்கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. தட்டம்மை முடிந்துபோன கதை என்று எண்ணிய பெற்றோர்க்கு, அது முடியவில்லை என்பதை அறிவியல் 36 ஆண்டுகள் உழைத்துக் கூறிற்று.

அதற்கு முன் வாழ்ந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மூளை அழிந்துகொண்டிருந்த ஒரு சிறுவனைச் சோம்பேறி என்று ஏசிய ஆசிரியரும், கையெழுத்துக் கெட்டதற்குப் பிரம்பால் அடித்த ஆசிரியரும் உலகெங்கும் இருந்திருப்பர். அவர்கள் கொடியவர் அல்லர், அறியாதவர். நாம் அறிந்தவர். ஆகவே, நன்கு படித்த மாணவன் திடீரென மாறினால் தண்டிக்கும் முன் ஐயுற வேண்டும். பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் காட்டச் செய்ய வேண்டும்.

பெயர் தவறினால் வரும் கேடு

மூளை அழற்சி மலேசியாவுக்குப் புதிதன்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி 1974-இல் லங்காவித் தீவிலும், 1988-இல் பினாங்கிலும் தலைகாட்டியது. அவ்வனுபவமே பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு தவற்றுக்கு இடமளித்தது. 1998-இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளை அழற்சியால் மாண்டபோது, இது பழைய நோயே என்று எண்ணிக் கொசுவுக்குப் புகையடித்தனர். அந்நோய்க்குரிய தடுப்பூசியையும் போட்டனர். சாவு நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டறிந்த பின்னரே உண்மை புலப்பட்டது. சுங்கை நீப்பா என்னும் ஊரின் பெயரால் அது நீப்பா வைரஸ் எனப்பட்டது. 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். வியப்பு யாதெனில், அக்கிருமி தட்டம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நோய்க்குச் சரியான பெயரிடாத ஒவ்வொரு நாளும் உயிர்விலை கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காப்பு வந்த வரலாறு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் எண்டர்சும் தாமஸ் பீபிள்சும் 1954-இல் நோயுற்ற பள்ளிச் சிறுவன் ஒருவனின் குருதியிலிருந்து தட்டம்மைக் கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதனை வலுக்குறைத்துச் செய்த தடுப்பூசி 1963-இல் வழக்கத்திற்கு வந்தது. மலேசியா 1982-இல் அதைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. 2002 முதல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடப்பட்டது. 2016 முதல் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அவ்வூசி போடும் முறை ஏற்பட்டது. இந்தியாவில் 1985-இலும் இலங்கையில் 1984-இலும் தட்டம்மைத் தடுப்பூசி தேசியத் திட்டங்களில் இடம்பெற்றது. இலங்கை 2019-இல் தட்டம்மையை ஒழித்த நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி பரவிய நாடுகளில் எஸ்.எஸ்.பி.இ. என்னும் மெல்லக் கொல்லும் நோயும் அருகிப் போயிற்று.

ஆயினும் ஐயங்கள் எழாமல் இல்லை. 1998-இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர், மும்மை ஊசியைத் தற்சிந்தனை நோயோடு தொடர்புபடுத்தி எழுதினார். அக்கட்டுரை நெறி தவறியது என்று கண்டு, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. வதந்தி மட்டும் திரும்பவில்லை. 2017-இல் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை – ருபெல்லா ஊசி போடப்பட்டபோது, கைப்பேசி வழியே பரவிய பொய்ச் செய்திகளால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். நோயால் மூளை அழற்சி வருவது ஆயிரத்தில் ஒன்று. ஊசிக்குப் பின் வந்ததாகக் கூறப்படுவதோ பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவே. இக்கணக்கை எடுத்துரைக்க வேண்டியவர் யார்? ஊரில் மக்கள் நம்பும் ஆசிரியர் அல்லரோ?

காப்பு எட்டாத இடத்தில் நோய் இன்றும் பழைய வடிவிலேயே வருகிறது. 2019-இல் கிளந்தான் குவா மூசாங் காட்டுப் பகுதியில் வாழும் பாத்தேக் பழங்குடி மக்களிடையே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம் தட்டம்மை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. பேரோவும் பிஜியும் கடல் சூழ்ந்த தீவுகள். இது காடு சூழ்ந்த தீவு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகள் ஊசி போட்டுக் கொண்டால்தான் மீதி ஐவரையும் அந்நோய் அணுகாது.

மாரியம்மனை வணங்குவோர் வணங்குக. வேப்பிலையின் குளிர்ச்சியை யாரும் மறுக்க வேண்டியதில்லை. தாய் என்று அழைக்கப்படும் தெய்வம், தன் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்லும் மற்றொரு தாயைச் சினப்பாளா? பெரியம்மை 1980-இல் உலகினின்று நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் ஆலயங்களில் வழிபாடு குறையவில்லை. தட்டம்மை நீங்கினாலும் குறையாது.

பாலிக் புலாவின் மலைப்பாதை இன்றும் வளைந்தே செல்கிறது. அம்மை இறங்கியபின் குழந்தை மீண்டும் காய்ந்தால், அளவு மீறி உறங்கினால், வலிப்புற்றால், விடியட்டும் என்று காத்திராமல் அப்பாதையில் இரவோடிரவாகப் புறப்பட வேண்டும். அதனினும் மேலானது, ஒன்பதாம் மாதத்தில் பகல் வெளிச்சத்தில் குழந்தையைத் தோளில் சுமந்து ஊசி போடும் இடத்துக்கு நடந்து செல்வது. இவ்விரண்டையும் தம் மாணவர் வழியே வீடுகளுக்குச் சொல்லும் ஆசிரியர், இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதோடு அவற்றைக் கற்க இருக்கும் மூளையையும் காத்தவர் ஆவார்.